பதினெட்டில் ஒரு பங்கு

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த செட்டிநாட்டு வீடுகள் படக்கட்டுரையைப் பார்த்தேன். முகப்புத் தூண்கள், ஆத்தங்குடித் தரைக்கல், நடுமுற்றமான வளவில் விழும் வெயில் எல்லாம் படங்களில் அருமையாக வந்திருந்தன. கடைசி வரியில் மட்டும், உரிமையாளர்கள் இந்த வீடுகளை விற்காமல் காக்க முன்வர வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். அந்த உரிமையாளர்களில் நானும் ஒருவன். எனக்குப் பதினெட்டில் ஒரு பங்கு. அத்தைமார் பங்கையும் முறையாகச் சேர்த்தால் இன்னும் கரையும்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்துக் கட்டியது. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறைகளில் இப்போது பூட்டுதான் குடியிருக்கிறது. ஒரு சாவி கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில், இரண்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. முன்னோரை வணங்கிச் சோறு படைக்கும் படைப்புக்கு மட்டும் எல்லோரும் கூடுவோம். அன்றைக்கு எல்லோருக்கும் வீட்டின் மேல் உயிர்.

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு ஓடு சரிந்தது. பங்குக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழு பேர் பணம் அனுப்பினார்கள். நான்கு பேர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். மீதிப் பேர் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, அவ்வளவுதான். வந்த பணத்தில் ஓடுகளை மாற்றி, நனைந்து உதிர்ந்த சுவரையும் பூசச் சொன்னோம். கிடைத்த கொத்தனார் நல்ல மனிதர், ஆனால் அவருக்குக் கைவந்தது சிமெண்ட் வேலை. நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

அங்கேதான் தப்பு. எங்கள் பக்கத்துப் பழைய பூச்சு, சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் போட்டு, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அந்தச் சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் வேர்த்துத் தள்ளிவிடும். அதன் மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு வேறு வழி தேடும். அடுத்த மழை முடிவதற்குள், சிமெண்ட் பூசிய இடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பழைய பூச்சு உப்பிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சில்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முட்டை ஓடு மாதிரி வழவழப்பு, மறுபக்கம் விரல் பட்டதும் மாவாகக் கொட்டியது. நூறு வருடம் நின்றதை நாங்கள் காசு கொடுத்துக் கெடுத்தோம்.

இப்படி இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டால் அடுத்த யோசனை என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். வீடு முழுசாக நிற்கும்வரை பற்றுப் பக்கம், பிரித்துவிட்டால் வரவுப் பக்கம். பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு என்று தனித்தனியாக விலை உண்டு, பதினெட்டாகப் பிரிப்பதும் சுலபம். எங்கள் அடுத்த தெரு வீடு அப்படித்தான் லாரி ஏறியது. காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பித்தளைச் சட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, விளிம்பில் எங்கள் ஐயாவின் இனிஷியல் வெட்டியிருந்தது. எந்த அறைப் பூட்டு திறந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விலை கேட்டேன், கட்டுபடியாகவில்லை.

இதெல்லாம் ஒரு குடும்பத்துச் சொத்துத் தகராறுதானே, ஊருக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஊருக்கும் உண்டு. ஓட்டிலிருந்து வளவுக்குள் விழுகிற மழைத் தண்ணீர் அண்டா குண்டான்களை நிறைத்ததுபோக, மிச்சம் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படிதான் எங்கள் ஊர்களை அமைத்திருக்கிறார்கள். தெருக்கள் நேர்நேராக இருப்பதும் சும்மா அழகுக்கு இல்லை. ஒரு வீட்டை இடித்து மனை போடும்போது ஊருணியின் ஒரு வாய்க்காலும் சேர்ந்து அடைபடுகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் ஏறியதும் தனி மாளிகை இல்லை, செட்டிநாட்டு ஊர்கள்தான். ஏறியதோடு சரி. பட்டியலில் பேர் இருப்பதால் எங்கள் கூரையில் ஓர் ஓடும் மாறவில்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் தமிழ்நாடு மரபுசார் ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் வந்தது, அது நடைமுறைக்கு வரவே பத்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

ஓட்டலாக மாற்றலாமே என்பார்கள். ஒற்றைக் கையில் இருக்கும் வீட்டுக்கு அது சரி. கானாடுகாத்தான் பக்கம் நன்றாகவே நடத்துகிறார்கள். பதினெட்டுப் பங்காளி சேர்ந்து ஒரு குளியலறை எங்கே கட்டுவது என்று முடிவெடுத்த கதை உண்டா?

புதுச்சேரி வைசியாள் வீதியைப் போய்ப் பார்த்தேன். அங்கே பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் உள்ளூர் நிர்வாகமும் ஐரோப்பிய ஒன்றிய உதவியும் சேர்ந்து, திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தன. 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் வந்தது. வீடு யார் கையிலிருந்தும் போகவில்லை. அந்த மாதிரி, நாங்கள் ஒரு ரூபாய் போட்டால் அரசு ஒரு ரூபாய் போடட்டும். பழுது பார்க்கிறவர்களுக்கு வீட்டு வரியில் கொஞ்சம் தள்ளட்டும். இடிக்க அனுமதி கொடுப்பதற்கு முன் அளவெடுத்து ஒரு வரைபடமாவது எடுத்து வைக்கட்டும், வாங்க நினைக்கும் பங்காளிக்கு மூன்று மாத அவகாசமும் கொடுக்கட்டும். இதற்கெல்லாம் முன்னால் வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றிக் கல் செய்கிற தொழில் இன்றும் நடக்கிறது, கேட்டு வாங்க ஆள் இருப்பதால். சுண்ணாம்பு வேலையை நாங்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் செய்பவர்களும் குறைந்துபோனார்கள்.

எங்கள் படைப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பழைய பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் எவரையாவது உங்கள் வாசகர்கள் அறிந்திருந்தால், வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சாரம் கட்டுவதற்கும், சிமெண்டைச் சுரண்டி எடுப்பதற்கும் இரண்டு இளைஞர்களைப் பேசி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளவும் அவர்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு பங்காளி,
காரைக்குடி வட்டாரம்