இடைமறிக்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

கோழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து எலைட் டேஞ்சரஸ் என்கிற விண்கப்பல் வீடியோ கேம் ஆடுகிற மூத்த பைலட் அண்ணன்மாருக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கே வருகிறேன். எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே வெளியில் ஆடுகிற ஓப்பன் மோடுக்குப் புதிதாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளைப் பாதி வழியில் பிடித்து இழுத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர்கள் கப்பலை வெடிக்க வைக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். பிடிப்பதையே விடச் சொல்லவில்லை, வழியில் பிடிக்க ஆள் இல்லையென்றால் அந்த விளையாட்டில் சரக்கு ஏற்றிப் போவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

எனக்கு அந்த விளையாட்டில் பிடித்ததே தூரம்தான். சுமார் 40,000 கோடி நட்சத்திரங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது யாரும் நம்மைத் தொட முடியாது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு நிலையம் வரைக்கும் சூப்பர்குரூஸில்தான், அதாவது ஒரே நட்சத்திர மண்டலத்துக்குள் விரைந்து போகும் முறையில்தான், ஓட்டிப் போக வேண்டும். குறைந்தது நொடிக்கு 30 கிலோமீட்டர், சாதாரண டிரைவில் (கப்பலைத் தாவவும் விரையவும் வைக்கும் எந்திரம்) அதிகபட்சம் ஒளியின் வேகத்தைப் போல் 2001 மடங்கு. கோளோ நட்சத்திரமோ பக்கத்தில் இருந்தால் அதன் ஈர்ப்பு வேகத்தைப் பிடித்து வைக்கும். ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, சாதாரண டிரைவில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையம் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடுவோம். நீங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

அதற்கப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. என் சித்தி மகன் ஒருவன், கடன் இல்லாமல் சேர்த்த பணம் முழுவதையும் போட்டு டைப்-6 என்ற சரக்குக் கப்பல் நிறைய வெள்ளி ஏற்றிக்கொண்டு வந்தான். திடீரென்று திரை முழுக்க நீலக் கோடுகள் சுழல, கப்பல் குலுங்க, தப்பிக்கும் திசையைக் காட்டும் வட்டம் இங்கும் அங்கும் ஓடியது. மூக்கை அந்த வட்டத்திலேயே வைத்திருந்தால் நீலப் பட்டை ஏறும், விலகினால் சிவப்புப் பட்டை ஏறும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிவப்பு நிறைந்தது, கப்பல் தலைகீழாகச் சுழன்று சூப்பர்குரூஸிலிருந்து வெளியே விழுந்தது, கப்பல் உடலில் அடி, டிரைவ் சூடு ஆற நெடுநேரம். ஷீல்டு என்ற பாதுகாப்புக் கவசம் போய், கப்பலும் போய், அவன் கையை எடுக்கும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. பிடித்தவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுத்து, போராடாமல் அடங்கிப் போயிருந்தால் டிரைவ் சில நொடிகளில் தயாராகியிருக்கும். உடனே வேறு நட்சத்திரத்துக்குத் தாவினால் உங்கள் பெரிய கப்பலின் மாஸ் லாக் (பக்கத்தில் உள்ள பெரிய கப்பல் டிரைவைத் தாமதப்படுத்துவது) அதைத் தடுக்காது. அதே மண்டலத்தில் சூப்பர்குரூஸுக்குத் திரும்பப் பார்த்தால்தான் அது இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு ஓடுகிறவனைப் பிடித்தால் அது வேட்டை. தெரியாதவனைப் பிடிப்பதில் உங்கள் கைத்திறமைக்கு வேலையே இல்லையே அண்ணா.

ஜி.எஸ்.டி. வந்த 2017 வரை தமிழக-கேரள எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தவர்கள் நாம். அங்கேகூட நிறுத்தியவர் முதலில் பில்லைக் கேட்பார். நீங்களும் கேளுங்கள். 'இத்தனை டன் சரக்கை வெளியே போடு, போய்க்கோ' என்று சாட்டில் ஒரு வரி. போடவில்லையா, சரக்குக் கதவைத் திறக்க வைக்கும் ஹேட்ச் பிரேக்கர் கருவியை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அது கொள்ளைக்காரனுக்கு உள்ள மரியாதை. கப்பல் வெடித்தால் உங்களுக்கும் சரக்கு முழுதாகக் கிடைக்காது. அவனுக்கோ கப்பலைத் திரும்பப் பெற அதன் விலையில் 5 சதவீதம் ரீபை கட்டணம், அதற்குக் காசு இல்லையென்றால் மறுபடி சைட்வைண்டர் என்ற ஆரம்பக் கப்பலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. அடி வாங்கிய பிள்ளைகள் கற்றுக்கொள்வது தப்பிக்க நெட் கேபிளைப் பிடுங்குவதைத்தான். மெனுவில் 15 நொடி காத்திருந்து வெளியேறுவது விதிக்குள் வரும், கேபிளைப் பிடுங்குவது வராது. அதைப் பற்றி நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அதை அவர்களுக்குப் பழக்கிவிட்டது யார்?

நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு இரவுகளில் ஏதாவது ஒரு மண்டலத்தில் பிள்ளைகளைக் காலிக் கப்பலோடு கூட்டி வருகிறேன். நீங்கள் துரத்துங்கள், அவர்கள் ஓடட்டும், சுடாமல் விட்டுவிடுங்கள். நீல வட்டத்தைப் பிடிக்கவும், எப்போது அடங்கிப் போகலாம், எந்தப் பக்கம் தாவலாம் என்று முடிவெடுக்கவும் பழகிக்கொள்ளட்டும். பழகியவன் சரக்கோடு ஓப்பனுக்கு வந்தால் தாராளமாகப் பிடியுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். எந்த மண்டலம், எத்தனை மணிக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.