உன் எச்-இண்டெக்ஸும் அந்தச் சாய நீக்கக் கட்டுரையும்

அன்புள்ள கண்ணம்மா,

உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் 6 என்று போடத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணைப் பற்றியும், தூளைக் கொண்டு தண்ணீரிலிருந்து சாயத்தை நீக்குவது பற்றி நீ எழுதி, எனக்குப் படிக்க அனுப்பிய கட்டுரையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். முதலாவது வளர்வது இரண்டாவதைப் பொறுத்தது.

எச்-இண்டெக்ஸை 2005-இல் கொண்டுவந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். குறைந்தது ஆறு முறை எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் ஆறு இருந்தால் இண்டெக்ஸ் 6, ஏழு முறைக்கு ஏழு இருந்தால் 7. உன் கட்டுரைகளைச் சைட்டேஷன் (பிறர் எடுத்தாண்ட எண்ணிக்கை) வாரியாக இறங்குவரிசையில் அடுக்கினால் 90, 41, 22, 15, 9, 7, 6 என்று வருகிறது. ஆறாவதற்கு 7 இருக்கிறது, ஏழாவதற்கு 6 தான், ஆகவே 6. முதல் கட்டுரையின் 90 நாளைக்கே 900 ஆனாலும் இண்டெக்ஸ் அசையாது. ஏழாவதற்கு ஒன்றே ஒன்று கூடினால் 7 ஆகிவிடும். விவரம் தெரிந்த தேர்வுக் குழு அந்த 90-ஐத்தான் திறந்து பார்க்கும். அதை யார், எதற்காக எடுத்தாண்டார்கள் என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுது. எண்ணை எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் பார்த்தாய் என்பதையும் குறிப்பிடு. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுவதால், பெரும்பாலும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைவிடக் கூடுதலாகவே காட்டும்.

அதற்கு முன் பெயரைச் சரிசெய். இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு இது பெரிய தொல்லை. ஒரு இதழ் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரைப் போடுகிறோம். இன்னொன்றில் இனிஷியல் பின்னால் போய்விடுகிறது. ஸ்கோபஸ் ஒரே ஆளை இரண்டு மூன்று பேராகப் பிரித்துவிடும், சைட்டேஷனும் சிதறிவிடும். ஒரே வடிவத்தை முடிவு செய்துகொள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை எல்லாச் சமர்ப்பிப்பிலும் கொடு. பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்குத் திருத்தக் கோரிக்கை அனுப்பு. கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்திவை. இல்லையென்றால் உன் பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உன் பக்கத்தில் வந்து உட்காரும்.

இனி கட்டுரைக்கு வருகிறேன். உங்கள் துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் ஒன்று, ஹோவும் மக்கேயும் 1999-இல் புராசஸ் பயோகெமிஸ்ட்ரி இதழில் எழுதியது. பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்த பரப்புக் கவர்ச்சித் தரவுகளை (கரைந்த பொருள் திடப்பொருளின் பரப்பில் ஒட்டும் அளவுகளை) எடுத்து, அந்த வேகத்தைக் கணக்கிடும் போலி இரண்டாம் வகைச் சமன்பாட்டில் பொருத்திக் காட்டினார்கள். சாயமோ உலோகமோ, ஒரு நேர்கோட்டில் யாரும் போட்டுப் பார்க்கலாம் என்றானதும் ஆயிரக்கணக்கானோர் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் கைக்கு உதவும் கருவியைத் தந்தவருக்குச் சைட்டேஷன் வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அந்தக் கருவியை நீ கையாண்ட விதத்தில் எனக்குத் திருப்தியில்லை. நேரத்தை, அந்நேரம் வரை உறிஞ்சப்பட்ட அளவால் வகுத்து, அதை நேரத்துக்கு எதிராகவே வரைந்திருக்கிறாய். நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சமநிலை அளவு, அதாவது இனி கூடாது என்ற நிலையில் தூள் பிடித்திருக்கும் சாயம், கிராமுக்கு 50 மில்லிகிராம், வேக மாறிலி 0.002 என்று வைத்துக்கொள். 180-ஆவது நிமிடத்தில் அந்த வகுத்தல் 3.8 வரும். அதில் 3.6 வெறும் நேரத்தால் வந்தது. மாறிலி ஒளிந்திருப்பது மிச்சமுள்ள 0.2-இல். கோடு செங்குத்து அச்சைத் தொடும் வெட்டுத்துண்டு 0.2-க்குப் பதில் 0.1 என்று வந்தால் மாறிலி இரட்டிப்பாகும், ஆனால் கோடு பார்வைக்கு அப்படியே இருக்கும். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று நீ பெருமையாகக் காட்டியிருக்கும் ஆர் ஸ்கொயர் 0.999, சமநிலை எட்டிய பிறகு எடுத்த புள்ளிகள் தந்த பரிசு. அதை வைத்து வேதிப் பிணைப்புதான் நடக்கிறது என்று முடிவு கட்டாதே. உறிஞ்சிய அளவையே நேரத்துக்கு எதிராக, நேர்கோடாக்காமல், நேரிலாப் பொருத்தம் செய். போலி முதல் வகைச் சமன்பாட்டையும் அதே புள்ளிகளில் பொருத்து. எச்சங்களை (அளந்ததற்கும் பொருத்தியதற்கும் உள்ள வித்தியாசங்களை) வரைந்து இரண்டையும் ஒப்பிடு.

மேற்கோள் பட்டியலில், அந்த முதல் வகைச் சமன்பாட்டுக்கு மூலமான லாகர்கிரன் 1898-ஐப் போட்டிருக்கிறாய். அது ஜெர்மனில் எழுதப்பட்டு ஸ்வீடன் அகாடமி இதழில் வந்தது. பெயரும் இதழும் பக்கமும் தப்புத் தப்பாக ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்து வந்ததை ஹோ 2004-இல் ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதினார். மூலத்தைப் பார்க்காமல் போடாதே. மதிப்பாய்வாளர் தன் கட்டுரைகள் ஐந்தைச் சேர்க்கச் சொன்னால், பொருந்துவதை மட்டும் சேர், மற்றதற்கு ஆசிரியருக்குக் காரணம் எழுது.

உன் தரவில் முதல் புள்ளியே 10-ஆவது நிமிடம். மேலே சொன்ன கணக்கில் அதற்குள் பாதி உறிஞ்சியாகிவிட்டது. அடுத்த ரன்னில் 1, 2, 3, 5, 8, 12 நிமிடங்களில் மாதிரி எடு. ஒரே குடுவையில் 100 மில்லியிலிருந்து 2 மில்லி வீதம் 10 முறை எடுத்தால் கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தூள் உள்ளேயே தங்கினால் லிட்டருக்கான தூள் அளவு ஏறிவிடும். நேரத்துக்கு ஒரு குடுவை வை, மூன்று முறை செய், எடுத்தவுடன் வடிகட்டு. வடிதாளே சாயத்தைப் பிடிக்கிறதா என்று தூள் போடாத கரைசலை ஊற்றிப் பார். தூளின் எடை, துகள் அளவு, பிஎச், வெப்பநிலை, கலக்கும் வேகம் எல்லாம் அட்டவணையில் வரட்டும். மூலத் தரவை ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி, அதன் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைக் கட்டுரையில் கொடு. முடிந்ததும் அந்த அட்டவணையை முதலில் எனக்கு அனுப்பு, கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா