சயாமாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

பெருமதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபை நிர்வாகக் குழுவினருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஏன் நின்றது, ஆசிரியை தப்பாகப் போதிக்கிறார் என்று யார் யாரிடம் போய்ச் சொன்னார்கள், அவரிடம் கையெழுத்துக் கேட்ட அந்த உறுதிமொழித் தாள் எந்தக் கூட்டத்தில் தயாரானது என்பதையெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. நான் கேட்பது இதுதான்: அந்தத் தாளில் ஒரு சொல்லைத் திருத்துங்கள். பர்மியப் பேச்சில் சயாமா என்று நாம் கூப்பிடும் அந்த ஆசிரியையிடம் வகுப்பு அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்று வகுப்பில் நானும் இருந்தேன். மகளைக் கூட்டிப்போக வந்தவன், மழை விடட்டும் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போல மின்சாரம் இல்லை. ஒரு பிள்ளை செல்போன் விளக்கைப் பிடிக்க, இன்னொரு பிள்ளை யோவான் 11ஆம் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தது. "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற இடம் வந்ததும் அந்தப் பையன் கையைத் தூக்கினான். எந்தப் பையன் என்று உங்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயில் அவன் மாமா வீடு இடிந்து விழுந்தது. மாமி உயிரோடு வரவில்லை.

அவன் கேட்டான்: "லாசருவை எழுப்பப் போறோம்னு அவருக்கு முன்னாடியே தெரியும்ல? அப்புறம் ஏன் அழுதாரு? நடிச்சாரா?"

சயாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நடிக்கல ராசா. அவரும் மனுஷன்தானே. அழுகை வந்துச்சு, அழுதாரு."

அவ்வளவுதான். இதுதான் உங்கள் கூட்டத்துக்கு வந்து சேரும்போது, "இயேசு வெறும் மனிதர் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறார்" என்று ஆகியிருக்கிறது. 'தானே' எப்படி 'வெறும்' ஆயிற்று என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குழுவில் ஒரு பெரியவர் "இது ஆரியுஸ் உபதேசம்" என்றாராம். வணக்கத்தோடு சொல்கிறேன், ஆரியுஸ்கூட அப்படிச் சொல்லவில்லை. குமாரன் உலகத்துக்கு முன்பே இருந்தவர், ஆனாலும் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்பதுதான் அந்த அலெக்சாந்திரியா குருவானவரின் வாதம். அதைத் தீர்க்கத்தான் கான்ஸ்டன்டைன் பேரரசர் 325இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று எழுதி வைத்தார்கள். எழுதியும் சண்டை ஓயவில்லை. நிசேயா பக்கம் நின்ற அத்தனாசியுஸ் ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் இன்னொரு சங்கம் கூட வேண்டியிருந்தது. பெரிய பெரிய ஆயர்கள் 56 வருஷம் மல்லுக்கட்டிய விஷயத்தைப் பதினொரு வயதுப் பையன் கேட்டுவிட்டான் என்று வகுப்பையே மூடிவிட்டோம்.

சரி, தாளுக்கு வருகிறேன். "இயேசு கிறிஸ்து தேவன் என்றும், மனிதரைப் போலத் தோன்றினார் என்றும் விசுவாசிக்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி. சயாமா இரண்டு முறை வாசித்துவிட்டு, "முதல் பாதிக்கு ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடுவேன், அடுத்த பாதிக்கு மாட்டேன்" என்றார். நீங்கள் அதைப் பிடிவாதம் என்று குறித்துக்கொண்டீர்கள்.

ஐயா, மனிதரைப் போலத் தோன்றினார் என்பதுதான் சபை முதன்முதலில் தள்ளிவைத்த உபதேசங்களில் ஒன்று. கிரேக்கத்தில் 'தோன்றுதல்' என்ற சொல்லை வைத்தே அதற்கு டோசெட்டிசம் என்று பேர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா ஆயர் இக்னாசியுஸை விலங்கிட்டு ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே சபைகளுக்குக் கடிதம் எழுதினார்: அவர் மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே சாப்பிட்டார், மெய்யாகவே சிலுவையில் அறையப்பட்டார், பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் எதற்காக விலங்கில் கிடக்கிறேன் என்று கேட்டார். 451இல் கல்சேதோன் சங்கம் மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்று இரண்டையும் சேர்த்தே எழுதியது. திருவிருந்து ஞாயிறுகளில் நாமெல்லாரும் எழுந்து நின்று, ஒரே தன்மையுள்ளவர் என்றும் மனிதரானார் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறோம். இயேசுவின் தெய்வத்தன்மையைக் காக்கப் புறப்பட்ட உங்கள் தாள் அவருடைய மனிதத்தன்மையைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பையன் "நடிச்சாரா?" என்று கேட்டான். நீங்கள் "ஆமாம்" என்று தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

பிலிப்பியர் 2:7இல் "மனுஷர் சாயலானார்" என்று இருக்கிறதே என்று செயலாளர் அண்ணன் கேட்டார். இருக்கிறது அண்ணே. அடுத்த வசனத்தில் மரணபரியந்தம் தம்மைத் தாழ்த்தினார் என்றும் இருக்கிறது. தோற்றம் சாகாது. "மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை" அறிக்கைபண்ணுகிற ஆவிதான் தேவனால் உண்டானது என்று 1 யோவான் 4:2 சொல்கிறது. இனி கையெழுத்து யார் போட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தக் கேள்வி நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்றாவது யோசித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் பர்மிய நண்பன் "யேசு பயா" என்கிறான். பயா என்றால் புத்தர், பயா என்றால் ஷ்வேடகோன் பகோடா, நம் பர்மிய வேதாகமத்தில் தேவனுக்கான சொல்லிலும் அதே பயாதான். மனிதனாகப் பிறந்த ஒருவரைப் பயா என்பதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. கீழ்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, "உங்க இயேசுவும் ஒரு அவதாரம்தான்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுச் சுண்டல் தருகிறார். இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த வகுப்பு இருந்தது.

1820இல் அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா அமரபுரத்தில் பர்மாவின் பகீடோ மன்னரிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். நித்திய தேவன் ஒருவரே, அவர் சாவுக்குரியவற்றுக்கு அப்பாற்பட்டவர், அவரைத் தவிர வேறு தேவன் இல்லை என்று அது தொடங்கியது. மன்னர் முதல் இரண்டு வாக்கியங்களைப் படித்துவிட்டுக் கீழே எறிந்தார். படித்துவிட்டு எறிந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். சயாமா சொன்னதை நீங்கள் இரண்டு வாக்கியம்கூடக் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாவியைக் கேட்டீர்கள். 31 வருஷமாக அது அவர் முந்தானை முனையில்தான் இருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. மூட்டுவாதத்தில் அந்த விரல்கள் மடங்கிப் போயிருக்கின்றன. நீங்கள் ஐந்து பேர் சுற்றி நின்றீர்கள். ஒருவரும் 'பரவாயில்லை, அப்புறம் தாருங்கள்' என்று சொல்லவில்லை. கடைசியில் நான்தான் குனிந்து அவிழ்த்தேன். ஈரமாக இருந்தது, மழையில் நனைந்து வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அலமாரிக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்கணும், இல்லாட்டி கீல் கழண்டுரும்" என்று மட்டும் சொன்னார். அதைக்கூட யாரும் காதில் வாங்கவில்லை.

அலமாரியில் என்ன இருக்கிறது? பதினான்கு பழைய தமிழ் வேதாகமங்கள், ஓரம் கிழிந்த அ-ஆ அட்டை, ஒரு பிஸ்கட் டின். என் மகள் தமிழ் எழுத்து கற்றது அந்த அட்டையில்தான். நானும் அதில்தான் கற்றேன். அரசுப் பள்ளியில் தமிழ் கிடையாது. நீங்கள் பூட்டியது ஒரு வேத வகுப்பை மட்டும் என்று நினைத்தீர்கள்.

இவ்வளவு அக்கறை வேறு எதற்கு இருந்தது? தமிழ் ஆராதனை வாரம் ஒன்றாக இருந்தது மாதம் ஒன்றாக ஆனபோது எத்தனை கூட்டம் போட்டீர்கள்? வாலிபர் பெஞ்சு காலியாகிக்கொண்டே போகிறதே, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு ஒரு ஜெபக்கூட்டமாவது? ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் காசு இல்லை, உறுதிமொழித் தாளுக்கு நகல் எடுக்க மட்டும் இருந்தது.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

ஐயா, தயவுசெய்து "மனிதரைப் போலத் தோன்றினார்" என்பதை அடித்துவிட்டு "மெய்யாகவே மனிதரானார்" என்று எழுதுங்கள். சயாமா அன்றைக்கே கையெழுத்துப் போடுவார், எனக்கு அவரிடம் படித்த பழக்கம் உண்டு. சாவியை அவரிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தால் நல்லது. படி ஏற அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நிற்பேன். அந்தப் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். அலமாரியைத் திறக்கும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சயாமாவிடம் படித்த ஒருவன்
யங்கோன்