அமைதிப்படை வீரனுக்குப் படித்தொகை தருவது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோமாலியாவில் இருக்கும் ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்குப் பணத் தட்டுப்பாடு, வீரர்களுக்கு மாதக்கணக்கில் படி பாக்கி என்று நம் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு மூலையில் நான்கு வரி வந்திருந்தது. பலர் தாண்டிப் போயிருப்பார்கள். என்னால் முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் வந்து இறங்கியபோது அது ஆறு மாத ஏற்பாடு என்றுதான் சொல்லப்பட்டது. அப்புறம் புருண்டி வந்தது, ஜிபூட்டி, கென்யா, எத்தியோப்பியா வந்தன. அமிசோம் என்றிருந்த படை 2022-ல் அட்மிஸ் ஆனது, 2025 ஜனவரியில் அவுசோம் ஆனது. பெயரை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், இதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை நிலையான பதில் இல்லை.

இந்தப் படை ஒன்றும் சாதிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொகதிஷுவில் தெருத்தெருவாகச் சண்டை போட்டு, 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் என்ற தீவிரவாத இயக்கத்தைத் தலைநகரை விட்டுக் கிளம்ப வைத்தவர்கள் இவர்கள்தான். அதற்கு அந்த நாடுகள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 2010 ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உகாண்டா தலைநகர் கம்பாலாவின் மக்கள் நடுவே குண்டு வெடித்து 70-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், உகாண்டா சோமாலியாவுக்குப் படை அனுப்பியதற்குப் பழிவாங்கல் என்று அல் ஷபாபே சொன்னது. 2016 ஜனவரியில் எல் அடே என்ற ஊரில் கென்யப் படையின் முகாமையே அழித்தார்கள். அங்கே எத்தனை வீரர்கள் இறந்தார்கள்? 200 பேர் வரை இருக்கலாம் என்று சோமாலிய அதிபர் ஹசன் ஷேக் முகமது ஒரு பேட்டியில் சொன்னார், கென்யா மறுத்தது, ஆனால் சரியான எண் இதுதான் என்று அது வெளியிடவும் இல்லை. ஐநா படையில் ஒருவர் இறந்தால் கணக்கில் ஏறுகிறது, அவர் பெயரில் பதக்கம் வழங்குகிறார்கள், ஆண்டுதோறும் மே 29-ல் நினைவுகூர்கிறார்கள். ஆப்பிரிக்க ஒன்றியக் கொடியின் கீழ் சோமாலியாவில் செத்தவர்களுக்கு முழுமையான, எல்லோரும் ஏற்கும் ஒரு கணக்கே கிடையாது. ஒரு அம்மாவுக்குத் தன் மகன் எங்கே எப்படிச் செத்தான் என்று தெரியாமல் இருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பணத்துக்கு வருகிறேன். அமிசோம் காலத்தில் ஒரு வீரனுக்கு மாதம் 1,028 டாலர் படி. அதில் சுமார் 200 டாலரை அவனுடைய அரசாங்கமே நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொள்ளும். இந்தப் பணத்தைக் கொடுத்தது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியம். 2004 முதலே ஆப்பிரிக்க அமைதிப் பணிகளுக்கென்று ஒரு நிதி வைத்திருந்தார்கள், அது இல்லாவிட்டால் மொகதிஷுவில் இந்தப் படை ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. அதற்கான நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பங்கில் 20 சதவீதத்தை வெட்டியது. முகாமில் நிற்கிறவனுக்கு அபாயம் 20 சதவீதம் குறைந்ததா என்ன? கொடுப்பவருக்கு மனம் இருக்கும்வரை வரும், அவருடைய கவனம் வேறொரு போருக்குத் திரும்பினால் நின்றுவிடும் என்ற நிலையில் ஒரு நாட்டின் பாதுகாப்பை எப்படித் திட்டமிடுவது?

இதை மாற்றத்தான் ஆப்பிரிக்க நாடுகள் பல வருடம் போராடி 2023 டிசம்பரில் ஐநா பாதுகாப்பு கவுன்சிலில் 2719 என்ற தீர்மானத்தை வாங்கின. ஒருமனதாக நிறைவேறியது. ஆப்பிரிக்க ஒன்றியம் தலைமை தாங்கும் படைகளின் செலவில் 75 சதவீதம் வரை, எல்லா உறுப்பு நாடுகளும் கட்டியே ஆகவேண்டிய ஐநா சந்தாப் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். ஒவ்வொரு படைக்கும் தனித்தனியாக கவுன்சில் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் சோமாலியாவுக்குத்தான் இது கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? 2024 டிசம்பர் 27 அன்று அவுசோமுக்கு அனுமதி தரும் தீர்மானத்தில் 14 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன, அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது, நிதி பற்றிய முடிவு 2025 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. மே மாதமும் வந்து போனது, முடிவு மட்டும் வரவில்லை. பழைய படைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியோடுதான் புதிய படை தொடங்கியது.

சோமாலியாவுக்கு ஏற்கெனவே எவ்வளவோ கொட்டியாகிவிட்டது, மற்ற நாடுகளும் பங்கு போடட்டும் என்று அமெரிக்கா கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளை அல் ஷபாப் மறுபடி மொகதிஷுவுக்குள் நுழைந்தால் ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு என்பது அவர்களுக்கும் தெரியும். 2025-ல் நடு சோமாலியாவில் அல் ஷபாப் பல ஊர்களைத் திரும்பப் பிடித்தது, ஏப்ரலில் அடான் யபால் என்ற ஊர் விழுந்தது. இந்த நேரத்தில் படிக்கே வழியில்லாத படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய ஆதங்கம் அரசியல் திட்டம் இல்லாததுதான். சோமாலிய ராணுவத்தையே பாருங்கள். கோர்கோர் என்ற படைப்பிரிவைப் பயிற்றுவிப்பது துருக்கி. தனாப் என்பதை உருவாக்கியது அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் தன் பங்குக்குப் பயிற்சி கொடுக்கிறது, ஐக்கிய அரபு அமீரகமும் தனியே கொடுத்தது. ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் ஒரே நாட்டின் படைக்குள் நாலு விதப் பயிற்சி, நாலு விதத் துப்பாக்கி, நாலு இடத்துக்கு விசுவாசம். மத்திய அரசுக்கும் ஜூபாலாந்து போன்ற மாநிலங்களுக்கும் தேர்தல் முறையில், அதிகாரப் பங்கீட்டில் உள்ள தகராறு தீராமல் எத்தனை பட்டாலியனைப் பயிற்றுவித்து என்ன பயன்? நண்பர்களாக வரும் நாடுகள் முதலில் அந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் முட்டுக்கொடுக்க வேண்டும்.

அரசியல் தெளிவாக இருந்தால் துப்பாக்கிக்கு வேலையே இருக்காது என்பதற்கு காம்பியா இருக்கிறது. 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற அதிபர் ஜாம்மே, முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் பல்டி அடித்துப் பதவியை விட மறுத்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள், பேசிக்கொண்டே எல்லையில் படையையும் நிறுத்தினார்கள். வெற்றி பெற்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19-ல் செனகல் தலைநகர் டாக்கரில் உள்ள தூதரகத்தில் பதவியேற்றார், அதே நாளில் பாதுகாப்பு கவுன்சிலும் அவருக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது, ஜனவரி 21-ல் ஜாம்மே விமானம் ஏறிவிட்டார். பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள், அண்டை நாடுகள் ஒரே குரலில் நின்றன, உலகம் அவர்களுக்குப் பின்னால் நின்றது.

அதே எகோவாஸ் 2023-ல் நைஜரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் படை எடுப்போம் என்று மிரட்டியது, நடக்கவில்லை. கூடப் போட்ட பொருளாதாரத் தடையில் கஷ்டப்பட்டது சாதாரண ஜனங்கள். முடிவில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் சேர்ந்து 2025 ஜனவரியில் எகோவாஸிலிருந்தே வெளியேறிவிட்டன. மாலியில் பத்து வருடம் இருந்த ஐநா படையும் ராணுவ அரசு போகச் சொன்னதால் 2023 இறுதியில் மூட்டை கட்டியது. 300-க்கும் மேற்பட்ட அமைதிப்படையினர் அங்கே இறந்திருக்கிறார்கள். மாலி அரசுக்கும் வடக்கு ஆயுதக் குழுக்களுக்கும் இடையே 2015-ல் கையெழுத்தான அல்ஜியர்ஸ் அமைதி ஒப்பந்தத்தை நிறைவேற்ற யாரும் உண்மையாகப் பாடுபடவில்லை, படை மட்டும் பாலைவனத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவே நின்றது.

காங்கோ இன்னும் மனதை வலிக்கச் செய்கிறது. 2013-ல் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களைக் கொண்ட தாக்குதல் படைப்பிரிவை ஐநா அனுப்பியது, அந்த நவம்பரில் எம்23 கிளர்ச்சிப்படை தோற்றது. அந்த வெற்றி துப்பாக்கியால் மட்டும் வந்ததல்ல. எம்23-க்கு ருவாண்டா உதவுகிறது என்று ஐநா நிபுணர்கள் அறிக்கை கொடுத்ததும், மறுப்பு வந்தபோதும் மேற்கத்திய நாடுகள் பல ருவாண்டாவுக்கான உதவியை நிறுத்திவைத்தன. களத்தில் அடியும் மேசையில் நெருக்கடியும் ஒரே நேரத்தில் விழுந்தன. அப்புறம் அந்தப் பாடம் மறந்துபோனது. 2021 இறுதியில் எம்23 மறுபடி கிளம்பியபோது கிழக்கு ஆப்பிரிக்கப் படை ஒன்று வந்து 2023-ல் போனது, அடுத்து தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்புப் படை வந்தது, லுவாண்டாவில் ஒரு பேச்சு, நைரோபியில் ஒரு பேச்சு, பிறகு தோஹா, வாஷிங்டன். 2025 ஜனவரியில் கிழக்கு காங்கோவின் கோமா நகரம் எம்23 கையில் விழுந்தது. இதற்கிடையே, காங்கோவுக்குள் ருவாண்டா வீரர்கள் இருக்கிறார்கள் என்று ஐநா நிபுணர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், மொசாம்பிக்கில் உள்ள ருவாண்டா படைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் இரண்டு கோடி யூரோவும் 2024-ல் இன்னொரு இரண்டு கோடியும் கொடுத்தது. மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் அந்த வீரர்கள் செய்தது நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு எல்லையில் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னொரு எல்லையில் கண்டித்தால் அந்தக் கண்டிப்புக்கு யார் பயப்படுவார்கள்?

ஆப்பிரிக்க அரசுகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 1994-ல் ருவாண்டாவில் படுகொலை நடக்கும்போது ஐநா தன் படையைக் கூட்டாமல் 270 பேராகக் குறைத்ததைப் பார்த்த கண்டம் அது. இனி ஒரு நாட்டுக்குள் இனப்படுகொலை நடந்தால் வேடிக்கை பார்க்க மாட்டோம், தலையிடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சாசனத்தில் 4-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். அன்றைய நிலையில் அது எவ்வளவு துணிச்சலான வாக்கியம்! ஆனால் சூடானில் 2023 ஏப்ரல் 15-ல் போர் தொடங்கியதிலிருந்து அந்தப் பிரிவு எங்கே போனது? 2025 அக்டோபரில் சூடானின் எல் பாஷர் நகரம் துணை ராணுவப் படையிடம் விழுந்து மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோதும் அறிக்கைதான் வந்தது. சாட் நாட்டில் 2021-ல் அதிபராக இருந்த அப்பா இறந்ததும் மகன் ராணுவத்தின் துணையோடு ஆட்சியில் உட்கார்ந்தார், ஆப்பிரிக்க ஒன்றியம் அந்த நாட்டை இடைநீக்கம் செய்யவில்லை, பிரான்சும் கண்டுகொள்ளவில்லை. மாலிக்கு ஒரு நியாயம், சாட்டுக்கு ஒரு நியாயம் என்றால் மாலிக்காரன் கேட்கத்தானே செய்வான்.

2016-ல் கிகாலியில் கூடிய தலைவர்கள் இறக்குமதிப் பொருட்கள் மீது 0.2 சதவீதம் வசூலித்து ஒன்றியத்துக்குக் கொடுப்போம், அமைதி நிதிக்கு 40 கோடி டாலர் சேர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. இத்தனை வருடம் ஆகியும் எல்லா நாடுகளும் அதை வசூலிக்கவில்லை. தன் பங்கை வைக்காமல் பாதுகாப்பு கவுன்சிலில் போய் 75 சதவீதம் கேட்கும்போது குரல் தானாகவே இறங்கிவிடுகிறது.

நடத்தை பற்றியும் ஒன்று. பணம் தருகிறவர்கள் மனித உரிமை நிபந்தனை போடுவதை மேலாதிக்கம் என்று சிலர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் சோமாலியாவின் கோல்வெயின் பகுதியில் உகாண்டா வீரர்கள் ஏழு பொதுமக்களைக் கொன்றார்கள். உகாண்டா ராணுவ நீதிமன்றம் மொகதிஷுவிலேயே கூடி விசாரித்து ஐந்து வீரர்களைத் தண்டித்தது. இறந்தவர்களின் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்படி நீதி நடக்க வேண்டும், அது எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் சரி, ஐநாவின் நீலத் தொப்பி போட்டவர்களாக இருந்தாலும் சரி.

பாதுகாப்பு கவுன்சிலில் பேசப்படும் மோதல்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவுடையது, அங்கே நிரந்தர இடம் ஒன்றுகூட ஆப்பிரிக்காவுக்குக் கிடையாது. இரண்டு நிரந்தர இடம் வேண்டும் என்று 2005-லேயே கேட்டார்கள். 2024-ல் அமெரிக்கா இரண்டு இடத்துக்குச் சம்மதம், வீட்டோ மட்டும் கூடாது என்றது. அந்த விவாதம் எப்போது முடியுமோ தெரியாது. அதற்காகக் காத்திருக்காமல், சோமாலியப் படைக்கு 2719 தீர்மானத்தின்படி பணம் கொடுப்பதை இப்போதே முடிவு செய்யலாம். ஆப்பிரிக்க அரசுகள் 0.2 சதவீதத்தை ஒழுங்காகக் கட்டலாம், இறந்த வீரர்களின் பட்டியலை வெளியிடலாம்.

ஆசிரியர் அவர்களே, இந்தப் படையின் அனுமதியும் நிதியும் அடுத்த முறை பாதுகாப்பு கவுன்சிலுக்கு வரும்போது எந்த நாடு எப்படி வாக்களித்தது, என்ன காரணம் சொன்னது என்று விவரமாகப் போடுங்கள். அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
நாள்தோறும் உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தைப் படிக்கும் ஒரு வாசகர்