வழக்கோடு முடியாத வாழ்க்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் குடியுரிமை குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் பகத் சிங் திந்தின் பெயர் ஒரே வரியில் கடந்துபோனது. பஞ்சாபிலிருந்து 1913-இல் அமெரிக்கா சென்ற அந்தச் சீக்கியர், ஆரிகன் மாநில மர ஆலைகளில் உழைத்துப் படித்து, 1918-இல் அந்நாட்டு ராணுவத்தில் தலைப்பாகையுடனேயே பணியாற்றினார். சீருடையில் இருந்தபோது கிடைத்த குடியுரிமை நான்கே நாளில் பறிக்கப்பட்டது. 1920-இல் மீண்டும் பெற்றதையும், அன்றைய குடியுரிமைச் சட்டம் குறிப்பிட்ட ‘வெள்ளையர்’ அவர் அல்லர் என்ற 1923-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இழந்தார்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வியப்பளிப்பதோ பிந்தைய பகுதிதான்: தம்மை ஏற்க மறுத்த அதே நாட்டில் ஊர் ஊராகச் சென்று, குருநானக்கின் வாக்கோடு அமெரிக்க எழுத்தாளர்களான எமர்சனையும் விட்மனையும் இணைத்து ஆன்மிகச் சொற்பொழிவு ஆற்றினார். முன்னாள் படைவீரர்களுக்கான 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக மறுஆண்டு குடியுரிமை கிடைத்தது, 1967-இல் காலமானார்.

வ.உ.சி.யின் கப்பலை இன்றும் பெருமையாகப் பேசும் நெல்லைச் சீமையில், ஏறத்தாழ அதே காலத்தில் கடல் கடந்த இவரை அறிந்தவர் குறைவு. கிரீன் கார்டுக்குப் பிள்ளைகள் காத்திருக்கும் வீடுகள் (என் வீடும் அதில் அடக்கம்) இங்கு ஏராளம் என்பதால், ஞாயிறு இணைப்பில் அவர் வாழ்க்கையை முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை