ஒரு 'ஆக்சுவலி'க்காக

அன்புள்ள முரளி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பூனைக்குட்டி விவகாரம் முடிந்ததா இல்லையா? எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்கு எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. இப்போது எழுதவைத்தது 'குவைட்' (quite) என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்.

என்னோடு மூன்று வருடம் வேலை பார்த்த பெண், ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். 'ஷி இஸ் குவைட் குட்' என்று மனமாரப் புகழ்ந்து எழுதினேன். அங்கிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு, "அவரைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தயக்கமா?" என்கிறார்! அமெரிக்கர் காதில் அது 'ரொம்பவே நல்லா'. பிரிட்டிஷ்காரர் காதில் பெரும்பாலும் 'பரவாயில்லை' அவ்வளவுதான். ஆனால் அதே பிரிட்டிஷ்காரர் 'குவைட் இம்பாசிபிள்' என்றால் அறவே முடியாது என்று பொருள். நல்லதில் கூடக்குறைய உண்டு, முடியாததில் ஏது பாதி? நல்லவேளை, போனிலேயே விளக்கிவிட்டேன், அவள் வேலைக்குப் பங்கம் வரவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

'ஹார்ட்', 'ஹார்ட்லி' மாதிரி இருந்தால் தேவலை. 'வொர்க்டு ஹார்ட்' என்றால் மாடாய் உழைத்தாள், 'ஹார்ட்லி வொர்க்டு' என்றால் கிட்டத்தட்ட வேலையே பார்க்கவில்லை. சுந்தரம் சாரின் சிவப்பு மை அதை நமக்குள் ஏற்றிவிட்டது. இந்தக் குவைட் மாதிரிச் சொற்களில் இலக்கணம் சரியாகவே இருக்கும், மனசுதான் புண்படும்.

நம் தமிழில் சின்னச் சின்ன ஒட்டுகளே இப்படிச் சொல்பவரின் மனசைக் காட்டிவிடுகின்றன. 'நீதான் வந்தாய்', 'நீகூட வந்தாயே', 'நீயாவது வந்தாயே' என்று சொல்லிப்பார். கடைசி வாக்கியத்தில் மற்றவர்கள் வராத வருத்தமும் கேட்கிறது, இல்லையா? யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை. 'நீகூட நல்லா எழுதுறியே' என்று எவனாவது சொன்னால் சுருக்கென்று தைக்கும்.

அதைத்தான் நான் உனக்குச் செய்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. உன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு அவசரத்தில் ஆங்கிலத்தில் 'ஐ ஆக்சுவலி லைக்டு இட்' என்று அனுப்பினேனே, 'நிஜமாகவே பிடித்தது' என்பதாக நினைத்துத்தான் எழுதினேன். 'பிடிக்காது என்று நினைத்தேன், ஆச்சரியமாகப் பிடித்துவிட்டது' என்றும் அது காதில் விழும். 'ரியலி' போட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் நீ அடுத்த அத்தியாயம் அனுப்பவே இல்லை. இதனால்தானா?

நிஜமாகவே பிடித்தது, முரளி. அந்தப் படகுக் காட்சியை மூன்று முறை படித்தேன். மிச்சத்தை அனுப்பு. வழக்கம்போல இரண்டு வரியில் பதிலை முடித்துவிடாதே.

அன்புடன்,
ரகு