தீவில் இருக்கும் கோவிந்துக்கு

திருமுல்லைவாசல்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கோவிந்து,

உன் கடிதம் வந்தது. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் "சரி, வைக்கட்டுமா" என்கிற ஆள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாயே என்று ஆச்சரியப்பட்டேன். அதனால் நானும் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். எழுத்து புரியாத இடத்தில் நீயே ஊகித்துக்கொள். காலமெல்லாம் ஸ்பேனர் பிடித்த கை.

முதலில் ஊர் விஷயம். சம்பா அறுத்தாயிற்று. தரிசில் தெளித்த உளுந்து பூத்து நிற்கிறது, பனிதான் கொஞ்சம் அதிகம். பட்டறையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் பிறந்தால் 61 நாளும் எல்லா விசைப்படகும் ஒன்றாகக் கரைக்கு வந்துவிடும், அப்போதுதான் அப்பா ஞாபகம் வரும் அவனுக்கு. மற்ற நாட்களில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறை சொல்வது என் வேலை. கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வர ஆரம்பித்துவிட்டது. இருட்டு பிரிவதற்குள் வனத்துறைப் பையன்கள் நாய்க்கும் நரிக்கும் முந்தி முட்டைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். தீவில் ஒதுங்கியவன் கதையைப் பேரனுக்குப் படித்துக் காட்டினாய். "நீ தனியா மாட்டிக்கிட்டா என்ன தாத்தா செய்வே?" என்று அவன் கேட்க, "நான் இப்பவே அங்கதாண்டா இருக்கேன்" என்று சொன்னாயாம். தமாஷுக்குச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். கமலா போன பிறகு ஒரு நாள் வடித்ததை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடுவதையும், காலையில் பால்காரரிடம் பேசிவிட்டால் அன்றையப் பேச்சு முடிந்தது என்பதையும் அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லைடா.

சரி, தீவு என்றால் தீவு. அதைப் பற்றியே பேசுவோம். நீ எழுதியதிலிருந்து மகன் போனை வாங்கி இதைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கதையில் ஒதுங்கியவன் முதலில் பசியைப் பற்றிக் கவலைப்படுவான். நிஜத்தில் தண்ணீர்தான் முதல் கவலை. இங்கே மீனவர் தெருப் பையன் ஒருவன், டீசலில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்று, மூன்று ராத்திரி ஃபைபர் படகில் மிதந்துவிட்டு வந்தான். படகைக் கட்டி இழுத்து வந்ததும் எஞ்சின் என் பட்டறைக்குத்தான் வந்தது. என்னடா குடித்தாய் என்று கேட்டேன். மீன் பெட்டியில் இருந்த ஐஸ் உருகிய தண்ணீர் என்றான். கவிச்சி தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறான். பகலில் கைலியைக் கடலில் நனைத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருந்தானாம். கடல் தண்ணீரை வாயில் வைக்கவே இல்லை. அது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, பிறந்ததிலிருந்து தெரிந்தது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டுமானால், குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். குடிக்கக் குடிக்க வறளும்.

நடுக்கடலில் அப்படி. கரை கிடைத்துவிட்டால் கதை வேறு, அது உன் பாடம். நீ வேலையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தென்னந்தோப்பு மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். ஆகவே மேலாகத் தோண்ட வேண்டும், மெதுவாக இறைக்க வேண்டும், பேராசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு மேலே ஏறிவிடும் என்றாய். கடல் ஓரத்தில் கையால் ஊற்று பறித்துக் கொட்டாங்கச்சியில் மொண்டு குடித்த நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, காரியம் தெரியும்.

கப்பல் கதைகளில் எல்லோரும் சொல்கிற பெயர் அலெக்ஸாண்டர் செல்கிர்க். ஸ்காட்லாந்துக்காரன். சிலி நாட்டுக்கு மேற்கே ஒரு தீவில் 1704-லிருந்து 1709 பிப்ரவரி வரை, நாலு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்தவன். இவன் கப்பல் உடைந்து ஒதுங்கினவன் இல்லை. கப்பல் பலகையைப் புழு அரித்துவிட்டது, இதைச் சரிசெய்யாமல் நான் ஏறமாட்டேன் என்று கேப்டனோடு சண்டை போட்டு இறங்கிக்கொண்டவன். படகு திரும்பிப் போகும்போது மனசு மாறிக் கூப்பிட்டானாம், கேப்டன் ஏற்றவில்லை என்பார்கள். பிறகு அந்தக் கப்பல் மூழ்கியே போயிற்று. மிஞ்சியவர்கள் ஸ்பெயின்காரர்களிடம் கைதியானார்கள். நான் செல்கிர்க் பக்கம் நிற்கிறவன், கோவிந்து. மராமத்து பார்க்காமல் கடலுக்குப் போகிற ஓனர்களோடு நானும் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்.

அவனிடம் துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து, கோடாலி, கத்தி, கெட்டில், பைபிள் எல்லாம் இருந்தன. முதலில் கரையை விட்டு நகரவில்லை, கப்பல் வருமா என்று பார்த்துக்கொண்டே நண்டும் சிப்பியும் தின்றிருக்கிறான். கடல் சிங்கங்கள் கூட்டமாக வந்து துரத்திய பிறகுதான் உள்ளே போனான். உள்ளே போனதும் பிழைப்பு நிமிர்ந்துவிட்டது. குடிசை போட்டான். வெடிமருந்து தீர்ந்ததும் ஆட்டை ஓடியே பிடிக்கக் கற்றுக்கொண்டான். ராத்திரியில் எலிகள் காலைக் கடித்தன. காட்டுப் பூனைகளுக்கு ஆட்டுக் கறி போட்டுப் பழக்கிவிட்டான், அவை அவனைச் சுற்றிப் படுத்துக்கொண்டு காவல் இருந்தன. மீட்டுக் கொண்டுபோன கேப்டன் எழுதி வைத்திருக்கிறார்: ஆள் திடமாகத்தான் இருந்தான், ஆனால் பேசிப் பழக்கம் விட்டுப்போய் வார்த்தையைப் பாதி பாதியாக விழுங்கினான் என்று. இத்தனைக்கும் தினம் பைபிளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவன் அவன். நீ எதைச் சத்தம் போட்டுப் படிக்கிறாய்? பேரனுக்கு வாரம் ஒரு கதை. அதுவும் அவனுக்குப் பரீட்சை வந்தால் நின்றுவிடும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவன் கதை இல்லை, ட்ரோமலின் தீவு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் மணல் திட்டு. மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 1761-ல் கள்ளத்தனமாக அடிமைகளை ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்கே மோதி உடைந்தது. கப்பல்காரர்கள் உடைந்த பலகைகளை வைத்து ஒரு படகு கட்டி, தங்கள் ஆட்கள் மட்டும் ஏறிக்கொண்டு, திரும்பி வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மடகாஸ்கர் ஜனங்கள் பல பத்துப் பேரை அங்கேயே விட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 1776-ல், ஒரு கப்பல் போய் ஏற்றி வந்தபோது இருந்தவர்கள் ஏழு பெண்கள், எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று.

அண்மையில் தொல்லியல்காரர்கள் போய்த் தோண்டியிருக்கிறார்கள். பவளக் கல்லையும் கடற்கரைக் கல்லையும் அடுக்கித் தடிமனான சுவரோடு வீடு கட்டியிருந்தார்களாம். அவர்கள் ஊரில் கல் கட்டடம் என்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். புயல் அடிக்கிற இடத்தில் மரமும் இல்லாதபோது, அந்த வழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். குடிக்கக் கிணறு. தின்ன ஆமையும் கடல் பறவையும். உடுத்தப் பறவை இறகைப் பின்னிய துணி. நான் போனை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தது அவர்களுடைய செம்புப் பாத்திரத்தை. ஓட்டை விழுந்த இடத்தில் செம்புத் துண்டு வெட்டி வைத்து, ரிவெட் அடித்து, அந்த ஒட்டும் போன பிறகு அதன் மேலேயே இன்னொரு ஒட்டு. ஒரே பாத்திரத்தில் பல தடவை. நான் தகடு வெட்டி ஒட்டுப் போட்டுப் பிழைத்தவன், பார்த்தால் எனக்குத் தெரியும். நாளைக்குச் சாகப்போகிறோம் என்று நினைத்தவன் அப்படி ஓரம் மடித்து அடிக்கமாட்டான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது நம் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். மணிமேகலை நடத்தும்போது ஆபுத்திரன் கதையைச் சொல்லிவிட்டு வகுப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வாரே. எடுத்து மறுபடி படித்தேன். மதுரையில் அமுதசுரபியை வைத்து எல்லோருக்கும் சோறு போட்டவன். மழை பெய்து நாடு செழித்ததும் சாப்பிட ஆள் வரவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று மரக்கலக்காரர்கள் சொல்ல, அந்தக் கலத்தில் ஏறினான். காற்று கடுமையாகி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கினார்கள். இவன் இறங்கினான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்து, இருட்டில் பாயை விரித்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். செல்கிர்க்குக்கும் அந்தப் பெண்களுக்கும் இல்லாத வசதி. ஆனாலும் ஊட்ட ஆள் இல்லாமல் தான் மட்டும் தின்று என்ன பயன் என்று, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விட்டான்.

ஐயா அழுத இடம் அது. எனக்கு இந்த வயதில் கோபம்தான் வந்தது. ஏன் தெரியுமா? கதை அங்கே முடியவில்லை. பின்னால் ஓர் இடம் இருக்கிறது, ஐயா நடத்தினாரோ என்னவோ, எனக்கு நினைவில்லை. விட்டுவிட்டுப் போனோமே என்று பதறி ஒன்பது செட்டிகள் அவனைத் தேடித் திரும்பி வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் ஆள் இல்லை. அவர்களும் அங்கேயே உண்ணாமல் செத்தார்கள். அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக் கூட வந்தவர்களும் செத்தார்கள். மறு பிறவியில் ராஜாவாகப் பிறந்து வந்தவனுக்குத் தீவின் காவல் தெய்வம் தீவதிலகை அந்த எலும்புகளையெல்லாம் மணலில் காட்டி, நீ உன்னை மட்டும் கொல்லவில்லை, உனக்காக இரங்கி வந்தவர்களையும் கொன்றாய் என்கிறாள். நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மனிதன்?

உனக்கு ஓய்வூதியம் வருகிறது. கேஸ் இருக்கிறது, அரிசி இருக்கிறது, தஞ்சாவூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பாத்திரம் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் என்று எழுதுகிறாயே, அது கோமுகிக்கு நடக்கிற நடை. இதற்கு மேல் நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஒரு காரியம். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. போன கோடையில் லேசாகக் கரித்தது, இப்போது காபிக்குப் பால் விட்டால் திரிகிறது. போர் போட்டவர் இன்னும் அறுபது அடி இறக்கலாம் என்கிறார். நீ போட்ட கோடு நினைவில் இருப்பதால் நான் தலையாட்டவில்லை. தோப்பின் மேட்டுப் பக்கத்தில் உறை இறக்கி மேலாக ஒரு கிணறு எடுத்தால் போதும் என்பது என் எண்ணம். எந்த இடம், எத்தனை உறை, மோட்டார் எத்தனை நேரம் ஓடலாம் என்பதை நீ வந்து சொல்ல வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டால் நல்லது. கூலி கிடையாது. சாப்பாடு உண்டு. என் வீட்டுக்காரி உன் பேரைச் சொன்னதுமே வஞ்சிரமா வாளையா என்று கேட்டுவிட்டாள்.

காலை ரயிலில் மயிலாடுதுறைக்கு வந்துவிடு. அங்கிருந்து சீர்காழி பஸ். சீர்காழியில் இறங்கி எனக்குப் போன் அடி, பெரியவன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். தண்ணீரில் உப்பு பார்க்கிற உன் டி.டி.எஸ். மீட்டர் இன்னும் வேலை செய்தால் கொண்டு வா, செய்யாவிட்டாலும் கொண்டு வா, பட்டறையில் பிரித்துப் பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து எடுத்துவை. பால்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்லும்போது எங்கே போகிறாய் என்றும் சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
உன்
தட்சிணாமூர்த்தி